அந்தப் பெண்கள் உன்னிடம் பேசுவார்களா?

அட்லாண்டாவுக்கு வந்த சூட்டோடு உனக்கு இப்படி ஒரு வேலை. உயர்நிலைப் பள்ளியில் படிக்கும் கறுப்பினப் பெண்களை வைத்து ஃபோகஸ் குரூப் (சிலரைக் குழுவாக உட்காரவைத்துப் பேசவிட்டுக் கேட்கும் ஆய்வு முறை) நடத்தச் சொல்லிவிட்டார் உன் பேராசிரியர். இந்தியப் பெண்ணான என்னிடம் மனம்விட்டுப் பேசுவார்களா, தனித்தனியாகப் பேட்டி எடுப்பது மேல் இல்லையா என்று கேட்டிருக்கிறாய். அக்கா என்று அழைத்துவிட்டதால் உரிமையோடு ‘நீ’ என்றே எழுதுகிறேன்.

பேசுவார்கள். உன்னிடம் என்பதைவிடத் தங்களுக்குள் பேசிக்கொள்வார்கள். குழுவாக உட்காரவைப்பதன் பயனே அதுதான். தனிப்பேட்டியில், கையில் கேள்வித்தாளோடு எதிரே ஒரு பெரியவள் உட்கார்ந்திருந்தால், பதினைந்து வயதுப் பெண்ணுக்குத் தலைமை ஆசிரியர் அறையில் விசாரணைக்கு நிற்பதுபோலத்தான் இருக்கும். ஆறேழு பேர் சேர்ந்துவிட்டால் அந்த அறையில் சிறுபான்மை நீதான்.

நான் குறிப்பெடுத்த ஒரு குழுவில் கணிதப் பாடத்தைப் பற்றித்தான் கேட்டோம். சந்தேகம் கேட்டாலே “குரலை உயர்த்தாதே” என்கிறார் ஆசிரியர் என்று ஒருத்தி மெதுவாகச் சொன்னாள். பக்கத்திலிருந்தவள் அந்த ஆசிரியரைப் போலவே புருவத்தைத் தூக்கிக் காட்டினாள். எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்குவதற்குள், யார் யாரை எதற்காக வகுப்பைவிட்டு வெளியே அனுப்பினார்கள் என்பதெல்லாம் ஒருத்தி பேச்சை ஒருத்தி பிடுங்கிக்கொண்டு வந்து விழுந்தது. எங்கள் கேள்வித்தாளில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

அந்த ஒரு பள்ளியோடு முடிகிற கதையும் அல்ல. அமெரிக்கக் கல்வித் துறையின் 2011-12 கணக்குப்படி, கறுப்பின மாணவிகளில் 12 சதவீதம் பேர் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். வெள்ளையின மாணவிகளில் 2 சதவீதம். 2017-இல் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகச் சட்டப் பள்ளியின் ஆய்வு மையம் ஒன்று 325 பெரியவர்களிடம் கருத்துக் கேட்டது. கறுப்பினச் சிறுமிகளுக்கு வெள்ளையினச் சிறுமிகள் அளவுக்கு அரவணைப்பும் பாதுகாப்பும் தேவையில்லை என்று அவர்கள் நினைப்பது தெரியவந்தது. சிறுமிக்கு ஐந்து வயதாகும்போதே அவளைப் பற்றிய இந்தப் பார்வை தொடங்கிவிடுகிறது. இது சிறுமிகளின் வாழ்வில் எப்படி இறங்குகிறது என்று அறிய, 2019-இல் அதே மையம் நாடியதும் ஃபோகஸ் குரூப்பைத்தான். இரண்டு அறிக்கைகளையும் படித்துவிட்டுப் போ.

இந்தியப் பெண் என்பதை மறைக்க வேண்டாம். “நானும் கறுப்புத்தான், எனக்கும் புரியும்” என்று மட்டும் ஆரம்பித்துவிடாதே. ஊரில் நிறத்துக்காக நீ பட்டது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் இங்கே பல ஆசிரியர்கள் இந்தியப் பிள்ளை என்றாலே கணக்கில் கெட்டிக்காரி, வம்புதும்புக்குப் போகாதவள் என்று முன்கூட்டியே முடிவுகட்டிவிடுகிறார்கள். அதை அந்தப் பெண்கள் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். நீ வந்து இறங்கியதும் நம்மவர்கள் கறுப்பினத்தவர் வாழும் பகுதியைக் காட்டி “அந்தப் பக்கம் வீடு பார்க்காதே” என்று சொல்லியிருப்பார்களே, உன் பள்ளி அநேகமாக அந்தப் பக்கம்தான் இருக்கும். அந்த அறிவுரையைக் காதில் போட்டுக்கொள்ளாதே.

குழுவை ஒரு கறுப்பினப் பெண் நடத்தட்டும், நீ குறிப்பெடு. அவருக்குச் சம்பளமும் கட்டுரையில் பெயரும் உண்டு என்பதைப் பேராசிரியரிடம் முதலிலேயே பேசி முடித்துவிடு. பிள்ளைகளைச் சேர்த்துக் கொடுக்க மட்டும் கறுப்பினப் பெண்களைப் பிடித்துவிட்டுப் பிறகு கழற்றிவிடும் அநியாயத்தை நிறையப் பார்த்திருக்கிறேன். கறுப்பினப் பெண் ஆய்வாளர்கள் பலர் ‘சிஸ்டர் சர்க்கிள்’ என்ற முறையைக் கையாள்கிறார்கள். 19-ஆம் நூற்றாண்டுக் கறுப்பின மகளிர் மன்றங்களின் மரபில் வந்தது அது. நடத்துபவரும் வட்டத்தில் ஒருத்தியாகத் தன் கதையைச் சொல்வார். அதை நீயாக நடத்தப் பார்க்காதே. அவர்கள் கூப்பிட்டால் போய் உட்கார்.

வீட்டாரின் ஒப்புதல், பிள்ளையின் சம்மதம் இரண்டும் வேண்டும். ஒரு பாட்டி என்னிடம், ஒலிப்பதிவு யாரிடம் இருக்கும், எப்போது அழிப்பீர்கள் என்று குடைந்து குடைந்து கேட்டார். கேட்கத்தான் வேண்டும். பக்கத்து மாநிலமான அலபாமாவின் டஸ்கீகியில் 1932 முதல் 1972 வரை சுமார் 600 கறுப்பின ஆண்களை வைத்து ஆய்வு நடத்தினார்கள். மேகநோய் (சிஃபிலிஸ்) கண்டவர்களுக்குப் பென்சிலின் வந்த பிறகும் அதைக் கொடுக்கவில்லை. நடத்தியது அரசாங்கமே. கையெழுத்துக்கு அவசரப்படுத்தாதே.

“இங்கே பேசுவது வெளியே போகாது” என்று வாக்குக் கொடுக்காதே. உன் வாய்க்கு நீ பொறுப்பு. மற்றப் பெண்களின் வாய்க்கு? அதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடு. தனியாகச் சொல்ல ஏதாவது இருப்பவர்களுக்காகக் கடைசியில் கொஞ்ச நேரம் ஒதுக்கு; உன் இரண்டாவது கேள்விக்கு அதுதான் பதில். வீட்டில் அடிக்கிறார்கள் என்பதுபோல ஒரு பெண் சொன்னால் யாரிடம் தெரிவிக்க வேண்டும் என்பதை ஐ.ஆர்.பி. என்னும் நெறிமுறைக் குழுவிடம் இப்போதே கேட்டு வைத்துக்கொள்.

பதிவை எழுத்தாக்க மென்பொருளை நம்பாதே. 2020-இல் வெளியான ஸ்டான்ஃபோர்டு ஆய்வில், பெரிய நிறுவனங்கள் ஐந்தின் மென்பொருள்கள் கறுப்பினத்தவர் பேச்சில் சராசரியாக நூற்றுக்கு 35 சொற்களில் தவறு செய்தன. வெள்ளையினத்தவர் பேச்சில் 19. சிரிப்பையும் “ம்ம்” என்ற ஆமோதிப்பையும் அவை விழுங்கிவிடும்; ஒருத்தி சொன்னதை மற்றவர்கள் ஏற்றார்களா என்பது அந்த “ம்ம்”மில்தான் இருக்கும்.

பங்கேற்பவர்களுக்குக் கொடுக்கும் பரிசு அட்டைக்கும் சில பல்கலைக்கழகங்களின் கணக்குப் பிரிவு சமூகப் பாதுகாப்பு எண் (நம் ஆதார்போல அமெரிக்க அரசு தரும் எண்) கேட்கும். வீட்டார் பின்வாங்கப் படிவத்தில் அந்த ஒரு கட்டம் போதும். அது இல்லாமல் முடியுமா என்று இந்த வாரமே விசாரித்துவிடு.