கொழும்பில் பல்கனியில் மரக்கறி வளர்த்தால் சந்தைச் செலவு குறையுமா?

கேட்டவர் வெள்ளவத்தையில் மூன்றாம் மாடி வாடகை வீடு, நாலு பேர், ஒரே ஒரு பல்கனி என்று எழுதியிருக்கிறார். மரக்கறி விலை தாங்க முடியவில்லை, வாளியில் வளர்த்தால் மிச்சம் வருமா என்பதுதான் கேள்வி.

வரும். ஆனால் கரட், லீக்ஸ், கோவா, உருளைக்கிழங்கு எதையும் நினைக்காதீர்கள். 2024 ஜனவரியில் கரட் கிலோ 2,000 ரூபாவைத் தாண்டியதைப் பார்த்தவர்களுக்கு ஆசை வருவது நியாயம்தான். நுவரெலியாக் குளிர் இல்லாமல் அது கிழங்கு வைக்காது, இலை மட்டும் வளரும். தக்காளியும் வேண்டாம். நம்முடைய ஊரில் இரவிலும் வெப்பம் பெரும்பாலும் 22 பாகைக்குக் கீழே போவதில்லை, அதனால் பூ பிடிக்காமல் கொட்டிவிடும். பிடித்தாலும் பற்றீரியா வாடல் நோய் காத்திருக்கிறது. பச்சையாக நின்ற செடி திடீரென்று தொங்கிப்போனால் தண்டைக் குறுக்கே வெட்டி, வெட்டிய முனையை ஒரு கிளாஸ் தண்ணீரில் பிடியுங்கள். பால் நிறத்தில் நூல் போல இறங்கினால் அந்த நோய்தான். அந்த மண்ணில் பிறகு மிளகாய், கத்தரி, தக்காளி மூன்றையும் நடக்கூடாது.

அரிசி, கிழங்கு, பருப்பு எல்லாம் கடையில்தான். பல்கனிக்கு ஏற்றவை கட்டாகவும் கொத்தாகவும் வாங்குகிற சாமான்கள்: கங்குன், பொன்னாங்காணி, வல்லாரை, பசளி, பச்சை மிளகாய், கொச்சிக்காய், கறிவேப்பிலை, றம்பை, எலுமிச்சம்புல். இவை நிறைகுறைவு, சீக்கிரம் வாடும், அதனால் கையில் ஒரு கொத்து வந்து சேர்வதற்குள் ஏற்றுக்கூலி, கழிவு, கடைக்காரரின் நட்டம் எல்லாம் விலையில் ஏறிவிடுகின்றன. பச்சை மிளகாய் சில மாதங்களில் கிலோ 1,000 ரூபாவுக்கு மேல் போகிறது. வீட்டில் மூன்று செடி நன்றாகக் காய்த்தால் அந்த மாதங்களில் கடையில் மிளகாய் வாங்குவது நன்றாகக் குறையும்.

முதலில் வெயிலை அளந்துகொள்ளுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணி முதல் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை வெயில் விழும் எல்லையைச் சோக்கால் தரையில் கீறுங்கள். மிளகாய்க்கு நேர்வெயில் ஆறு மணித்தியாலம் வேண்டும், கீரைக்கு மூன்று நாலு போதும், வல்லாரையும் றம்பையும் அரைநிழலிலும் இருக்கும். ஒரு தடவை அளந்ததை வருடம் முழுவதற்கும் நம்பக்கூடாது. கொழும்பு பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறத்தாழ 7 பாகையில் இருப்பதால் ஏப்ரல் இரண்டாம் வாரத்திலிருந்து செப்டெம்பர் முதல் வாரம் வரை நடுப்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும், மற்ற மாதங்களில் தெற்கே. தெற்குப் பார்த்த பல்கனி ஜூனில் இருண்டு கிடக்கும், டிசெம்பரில் வெயில் உள்ளே வரும். வடக்குப் பார்த்தது நேர்மாறு. கிழக்குதான் எல்லாவற்றிலும் நல்லது. கடற்பக்கம் திறந்த மேற்குப் பல்கனி என்றால் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குக் காற்றில் உப்பும் சேர்ந்து வரும், இலை ஓரம் கருகும். கம்பியில் பச்சை நிழல்வலை கட்டி, காலையில் இலையை நல்ல தண்ணீரால் கழுவிவிட்டால் சமாளிக்கலாம்.

அடுத்தது மண். வெறும் தோட்டத்து மண்ணை வாளியில் நிரப்பினால் இரண்டு மழையில் இறுகிவிடும், பாரமும் அதிகம். அளவு சொன்னால், தும்புத்தூள் இரண்டு பங்கு, கூட்டெரு ஒரு பங்கு, மேல்மண் ஒரு பங்கு. 5 கிலோத் தும்புத்தூள் கட்டி ஊறினால் 60 லீற்றருக்கு மேல் வரும். கரையோரத்துப் பொச்சு உப்புத் தண்ணீரில் ஊறியதாக இருக்கலாம் என்பதால் மூன்று தடவை ஊறவைத்துப் பிழிந்து தண்ணீரை ஊற்றிவிட வேண்டும். இதைச் செய்யாமல் விட்டுத்தான் பலருடைய நாற்று இலைநுனி கருகிச் சாகிறது, பழி விதைக்காரன் மேல் விழுகிறது.

கூட்டெரு என்ற பெயரில் விற்கும் பைகளைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. கறுப்பு மண்ணும் மரத்தூளும் கலந்து, பாதி உக்கின குப்பையை அழகான பையில் அடைத்து விற்கிறார்கள். காசில்லாமல்தான் மனிதர்கள் வாளியில் கீரை நடுகிறார்கள், அவர்களிடமே இப்படி எடுப்பது அநியாயம். வாங்கினால் முதலில் சோதியுங்கள். ஒரு கோப்பையில் அந்தக் கூட்டெருவும் தும்புத்தூளும் கலந்து பத்துப் பயறு போடுங்கள். நாலு நாளில் குறைந்தது எட்டுப் பயறு நேராக முளைக்க வேண்டும். முளைக்காமல் அழுகினால், அல்லது வேர் மண்ணிறமாகக் கருகினால், உக்கி முடியவில்லை. அதை ஈரமாக மூடி இன்னும் ஒரு மாதம் வைத்துவிட்டுத் திரும்பப் பாருங்கள்.

20 லீற்றர் பெயின்ட் வாளி மிளகாய்க்கு ஒரு செடி வீதம் சரியான அளவு. நன்றாகச் சுரண்டிக் கழுவ வேண்டும். ஓட்டையை அடியில் மட்டும் போடாதீர்கள், தரையோடு ஒட்டி அடைத்துக்கொள்ளும். அடியிலிருந்து இரண்டு சென்ரிமீற்றர் மேலே, பக்கவாட்டில் சுற்றி ஆறு எட்டு ஓட்டை, சுண்டுவிரல் பருமனில் போடுங்கள். அடியில் தேங்காய்ப் பொச்சுத் துண்டு ஒரு வரிசை. வாளியைச் செங்கல் துண்டுகள் மேல் தூக்கி வையுங்கள். கங்குனுக்கு ஆழம் வேண்டாம், மீன்கடைகளில் எறிகிற ரெஜிபோம் பெட்டி போதும், பாரமும் இல்லை. நனைந்த வாளி ஒன்று 15 கிலோவுக்கு மேல் வரும் என்பதை நினைத்து, சுவரோரமாகப் பரப்பி வையுங்கள், வெளிக்கம்பிப் பக்கம் அடுக்க வேண்டாம். கம்பிக்கு மேல் எதையும் தொங்கவிடக்கூடாது. மழைக்காற்றில் கீழே போகிறவரின் தலையில் விழுந்தால் யார் பொறுப்பு?

கங்குனுக்கு விதையே வேண்டாம். சந்தையில் வாங்கிய கட்டில் தடித்த தண்டு, கணு உள்ளதாகப் பார்த்து ஒரு சாண் நீளம் வெட்டித் தண்ணீரில் போட்டால் நாலைந்து நாளில் வேர் விடும். வாளிக்கு எட்டுப் பத்துத் தண்டு. நட்டு மூன்று நாலு வாரத்தில் முதல் வெட்டு, மண்ணிலிருந்து மூன்று விரல் உயரம் விட்டு வெட்ட வேண்டும். அதன்பின் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வெட்டலாம். ஒரு வாளி ஒரு வெட்டுக்கு ஒரு சின்னக் கட்டு தரும். ஆறு வாளியை முறை வைத்து வெட்டினால் வாரத்துக்கு மூன்று கட்டு, நாலு பேருக்கு இரண்டு நேரச் சுண்டலுக்குக் காணும். பொன்னாங்காணியும் பசளியும் இதே போல் தண்டில் வரும். கங்குன் நிற்கிற தண்ணீரில் உள்ள உலோகத்தையும் உறிஞ்சும் கீரை. நகரத்துக் கால்வாய் ஓரம் வளர்ந்ததா என்று தெரியாமல் வாங்கிச் சாப்பிடுவதைவிட உங்கள் வாளியில் வளர்வது பிள்ளைகளுக்கு நல்லது. செலவுக் கணக்கில் இது வராது, ஆனாலும் எனக்கு இதுதான் பெரிய காரணமாகப் படுகிறது.

மிளகாய் விதைத்து நாலைந்து வாரத்தில் இடம் மாற்றி நட்டால், விதைத்த நாளிலிருந்து மூன்று மாதமளவில் பறிக்கலாம். எல்லோரும் கேட்பது இலை சுருள்வது பற்றி. மேல்நோக்கிப் படகு போலச் சுருண்டால் பேன்பூச்சி, ஜனவரி முதல் மார்ச் வரையான வறட்சியில் அதிகம். கீழ்நோக்கி மடிந்து காம்பு நீண்டால் சிற்றுண்ணி. இரண்டுக்கும் ஒரு லீற்றர் தண்ணீரில் வேப்பெண்ணெய் ஒரு தேக்கரண்டி, கலப்பதற்குப் பாத்திரம் கழுவும் திரவம் சில துளி. பொழுதுபட்ட பிறகு இலையின் அடிப்பக்கம் நனைய அடிக்க வேண்டும். வெயிலில் அடித்தால் இலை வெந்துபோகும். ஐந்து நாளுக்கு ஒருமுறை, மூன்று தடவை. இலை மஞ்சளும் பச்சையுமாகச் சுருங்கிச் செடி குள்ளமாக நின்றுவிட்டால் அது வெண்ஈ கொண்டுவந்த வைரசு, மருந்தில்லை, பிடுங்கிப் பையில் கட்டி எறியுங்கள்.

கறிவேப்பிலையை நாற்றாக வாங்குங்கள், முதல் வருடம் பறிக்காமல் நுனியை மட்டும் கிள்ளிவிட்டால் கிளைக்கும். பறவை எச்சம் போல ஒரு புழு இலையில் ஒட்டிக்கொண்டிருக்கும், வண்ணத்துப்பூச்சியின் புழு. கையால் எடுத்துவிட்டால் போதும்.

உண்மையில் கொழும்பில் செடியைக் கெடுப்பது மழைதான், வறட்சி அல்ல. வருடத்துக்கு 2,300 மில்லிமீற்றருக்கு மேல் பெய்கிற ஊர். ஏப்ரல், மே, ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் பெய்யும் மழை வாளிக்குள் இருக்கும் நைதரசனையும் பொட்டாசியத்தையும் கழுவிக்கொண்டு போய்விடும். கீரை மஞ்சளாகிறது என்று இன்னும் தண்ணீர் ஊற்றுவார்கள், வேர் அழுகும். விரலை இரண்டு கணு ஆழம் விட்டுப் பாருங்கள், ஈரம் இருந்தால் ஊற்றாதீர்கள். பசளையைக் கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி போடுங்கள். கீரைக்கு 10 லீற்றர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி யூரியா, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. மிளகாய் பூக்கத் தொடங்கியதும் யூரியாவை நிறுத்திவிட்டுப் பொட்டாசியம் உள்ள கலவைப் பசளை.

யூரியா என்று எழுதியதற்குச் சிலர் சண்டைக்கு வருவார்கள் என்று தெரியும். கூட்டெருவை நான் குறைத்துச் சொல்லவில்லை, மண்ணைத் தாங்குவது அதுதான். ஆனால் வேகமாக வளரும் கீரைக்கு அதிலிருந்து நைதரசன் மெதுவாகத்தான் வரும். 2021 மே மாதம் ஒரே அடியில் இரசாயனப் பசளை இறக்குமதியை நிறுத்தினார்கள், நவம்பரில் திரும்ப அனுமதித்தார்கள். அந்த இடைவெளியில் நெல்லுக்கும் தேயிலைக்கும் என்ன நடந்தது என்பதை நாடே பார்த்தது. அடுத்த வருடம் ஜூனில், சாப்பாட்டுப் பயிர் செய்யுங்கள் என்று அரச ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமை லீவு கொடுத்தார்கள். நிலமுள்ளவர்களுக்கு அது உதவியிருக்கலாம். கொட்டாஞ்சேனையிலும் கிராண்ட்பாசிலும் ஒரு அறைக்குள் ஆறு பேர் இருக்கிற, நாள்கூலிக்குப் போகிற குடும்பத்துக்கு அந்த வெள்ளிக்கிழமையில் என்ன இருந்தது? அந்த செப்டெம்பரில் கொழும்பில் உணவுப் பணவீக்கம் 94 வீதத்தைத் தாண்டியது. புதிதாகக் கட்டுகிற தொடர்மாடிகளிலாவது வெயில் விழுகிற பொதுத் தளத்தில் வாளி வைக்க இடம் ஒதுக்கினால் என்ன குறைந்துவிடும் என்று இன்றைக்கும் கேட்கத் தோன்றுகிறது.

நுளம்பு விஷயத்தில் கவனம். 2017இல் நாட்டில் 186,000 பேருக்கு மேல் டெங்கு கண்டது. வாளிக்கு அடியில் தட்டு வைக்கவே வேண்டாம். ஓடும் தண்ணீர் பல்கனிக் குழாய்க்குப் போகும்படி சரிவு பார்த்து வையுங்கள். தட்டு இல்லாமல் முடியாது என்றால் வாரத்துக்கு ஒருமுறை தண்ணீரைக் கொட்டுவது மட்டும் போதாது, பிரஷ் போட்டுத் தேய்க்க வேண்டும். நுளம்பு முட்டை ஓரத்தில் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் காய்ந்து கிடந்து, தண்ணீர் பட்டதும் பொரிக்கும். பீ.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்து பார்த்தால் வழக்கும் வரும். ரெஜிபோம் மூடி, வெறும் வாளி, நீர்த்தெளிப்பான் எதையும் மழையில் மல்லாக்க வைக்காதீர்கள்.

வாடகை வீடு என்பதால் வீட்டுக்காரரிடம் முதலே சொல்லிவிடுங்கள். கீழ் வீட்டில் உடுப்புக் காயப்போடுவதற்கு முன், காலை ஆறரைக்குள் தண்ணீர் ஊற்றினால் முறைப்பாடு வராது. ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பிடித்து ஊற்றலாம், அதில் உப்பில்லை, தண்ணீர் பில்லும் குறையும். இப்போது தொடங்குவதென்றால் மூன்று வாளி கங்குன், இரண்டு மிளகாய், ஒரு கறிவேப்பிலை மட்டும். மூன்று மாதம் கழித்துப் பார்த்து மற்றதை வாங்கலாம்.