தானியத்தை நிறுத்துங்கள், தண்ணீர் வையுங்கள்: தோட்டத்துப் பறவைகள் பற்றிய கேள்வி பதில்

மதுரையிலிருந்து ஒருவர்: அம்மா, மொட்டை மாடியில் தினமும் கம்பும் அரிசியும் இறைக்கிறேன். மாடப்புறாக்கள்தான் கூட்டமாக வருகின்றன. தேன்சிட்டு, சின்னான் எதுவும் எட்டிப் பார்ப்பதில்லையே?

பதில்: தேன்சிட்டு கம்பு தின்னாது. நீங்கள் வைத்திருப்பது புறாவுக்கான விருந்து. இரண்டு வாரம் தானியத்தை நிறுத்திவிட்டு, அகலமான மண்தட்டில் தண்ணீர் வையுங்கள். ஓரத்தில் அரை அங்குலம், நடுவில் இரண்டு அங்குலம் ஆழம் போதும். பீங்கான் தட்டு வேண்டாம், கால் வழுக்கும். நடுவே ஒரு செங்கல் துண்டு போட்டால் சின்னப் பறவைகள் அதன்மேல் நின்று குளிக்கும். தொட்டிச் செடிகளை ஒட்டி வைக்காதீர்கள். பூனை பதுங்க இடமாகிவிடும். ஐந்தாறு அடி தள்ளி வையுங்கள்.

கொசு வராதா?

தினமும் கழுவி நீரை மாற்றினால் வராது. முட்டை கொசுவாக ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும்.

திருச்சியிலிருந்து: தேன்சிட்டுக்கு என்ன செடி வைக்கலாம்?

பதில்: செம்பருத்தி, இட்லிப்பூ. இடம் இருந்தால் ஒரு முருங்கை. அது பூக்கும் நாட்களில் மரமே கீச்சிடும். சர்க்கரைத் தண்ணீர் தொங்கவிட வேண்டாம். பூ இருக்கும்போது அது எதற்கு?

கறிவேப்பிலையிலும் எலுமிச்சையிலும் பச்சைப்புழு. மருந்து அடிக்கலாமா அக்கா?

தயவுசெய்து அடிக்காதீர்கள். அந்தப் புழுவுக்காகத்தான் தையல்சிட்டு உங்கள் வீட்டுக்கு வருகிறது. தானியம் கொத்தும் சிட்டுக்குருவிகூடத் தன் குஞ்சுக்குப் பூச்சியைத்தான் ஊட்டும். பூச்சி இல்லாத தோட்டத்தில் குஞ்சு பிழைக்காது. நான் ஒரு கறிவேப்பிலைச் செடியைப் புழுக்களுக்கென்றே விட்டிருக்கிறேன், சமையலுக்கு இன்னொன்று. உதிர்ந்த சருகையும் ஒரு மூலையில் குவித்து வையுங்கள். தவிட்டுக்குருவிகள் கூட்டமாக வந்து கிளறுவதைப் பார்த்தால் பிறகு பெருக்க மனம் வராது.

தொட்டிச் செடியில் இரண்டு இலைகளைத் தைத்து ஒரு கூடு. தொட்டியை நகர்த்தலாமா?

வேண்டாம். அது தையல்சிட்டின் கூடு. சுமார் 12 நாளில் குஞ்சு பொரிக்கும், அடுத்த இரண்டு வாரத்தில் பறந்துவிடும். தண்ணீரை வேரில் மட்டும் மெதுவாக ஊற்றுங்கள். கிளையை விலக்கிப் படம் எடுக்காதீர்கள். காகம் பார்த்துக்கொண்டே இருக்கும்.

சிட்டுக்குருவிக்குப் பெட்டி வைத்தேன், மைனா புகுந்துவிட்டது.

துவாரம் பெரிதாக இருக்கிறது. ஒன்றேகால் அங்குல விட்டம் போதும். வாசலில் குச்சி தேவையில்லை. எட்டுப் பத்து அடி உயரத்தில், வெயில் நேரே விழாத சுவரில் மாட்டுங்கள். அக்கம்பக்கத்தில் குருவியே இல்லாத தெருவில் பெட்டி மட்டும் அதை வரவழைக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஒரு தேன்சிட்டு கார் கண்ணாடியை விடாமல் கொத்துகிறது. பைத்தியமா?

இல்லை. இனப்பெருக்கக் காலத்தில் ஆண் பறவை தன் பிம்பத்தைப் போட்டியாளன் என்று நினைத்துச் சண்டையிடுகிறது. கண்ணாடியின் மேல் ஒரு பழைய துணிப்பையை மாட்டுங்கள். பக்கத்தில் எங்கோ கூடு இருக்கும்.