ஒன்பது முடிந்தது, மீதி 111

கேள்வி: ஏழாண்டுப் போர் (1756–63) காலத்துப் படைகளை 28 மி.மீ. மினியேச்சர்களாக வாங்கி வர்ணம் தீட்டுகிறேன். பிரிட்டிஷ்காரர்கள் 60, பிரெஞ்சுக்காரர்கள் 60. ஆறு மாதத்தில் முடிந்தவை ஒன்பதுதான். பட்டன் பட்டனாக வரைந்து கண் வலிக்கிறது. இவற்றை மேசையில் நிறுத்திப் போர் விளையாட்டு ஆடலாம் என்றால், கூட ஆடவும் ஆளில்லை. நிறுத்திவிடலாமா?
– மதுரை வாசகர்

பதில்: நிறுத்தாதீர்கள். பட்டனை மட்டும் விட்டுவிடுங்கள். ஆடும்போது படையை மூன்றடி தள்ளி நின்றுதான் பார்ப்பீர்கள். அங்கிருந்து தெரிவது கோட்டின் நிறம், கைமடிப்பு, மார்பின் குறுக்கே போகும் வெள்ளைப் பட்டை, தொப்பியின் ஓரம். இவ்வளவுதான். இது எந்த ரெஜிமெண்ட் என்று சொல்வதே பெரும்பாலும் கைமடிப்பின் நிறம்தான். அதில் கவனம் இருக்கட்டும்.

ஒவ்வொன்றாக முடிப்பதும் வேண்டாம். பத்துப் பொம்மைகளை சோடா மூடிகளில் ஒட்டி, பத்துக்கும் கோட்டு, அப்புறம் பத்துக்கும் கைமடிப்பு என்று போங்கள். வெள்ளைப் பட்டைக்கு முதலில் வெளிர் சாம்பல் தீட்டுங்கள். எல்லாம் காய்ந்ததும் பழுப்பு வாஷ், அதாவது நீர்த்த வர்ணம், ஒரு பூச்சு. அது மடிப்புகளில் இறங்கித் தானாக நிழல் விழும். அதற்குப் பிறகு பட்டையின் நடுவில் மட்டும் வெள்ளை. உங்கள் ஊர் வெயிலில் அக்ரிலிக் வர்ணம் தட்டிலேயே காய்ந்துவிடும். டிபன் டப்பாவில் நனைத்த டிஷ்யூவை விரித்து, மேலே பட்டர் பேப்பர் போட்டு அதில் கலக்குங்கள், மணிக்கணக்கில் ஈரம் நிற்கும். அடிப்பூச்சுக்கான பிரைமர் ஸ்ப்ரேயை மழைநாளில் தொடவே வேண்டாம்.

சரி, எந்தப் போரை ஆடுவது? 1757-இல் ஐரோப்பாவில் பிரஷ்யாவும் ஆஸ்திரியாவும் மோதிய லாய்தன் போரை எடுத்தால் இரு தரப்பும் சேர்ந்து ஒரு லட்சத்தை ஒட்டிய வீரர்கள், மலைத்துப்போவீர்கள். அதே ஏழாண்டுப் போரின் இன்னொரு களம் நம் வந்தவாசி. 1760 ஜனவரி 22 அன்று பிரிட்டிஷ் தளபதி அயர் கூட்டும் பிரெஞ்சுத் தளபதி லாலியும் மோதியபோது, இந்தியச் சிப்பாய்களைத் தவிர்த்தால், பக்கத்துக்குச் சுமார் இரண்டாயிரம் ஐரோப்பியர்கள்தான். உங்கள் 120 பொம்மைகள் தாராளமாகப் போதும். லாலியின் சொந்த ரெஜிமெண்ட் அயர்லாந்துக்காரர்கள். பிரான்சுக்காகப் போரிட்டாலும் அவர்களுக்குச் சிவப்புக் கோட்டு. அதனால் கையில் இருக்கும் சிவப்பு வர்ணம் இரண்டு பக்கத்துக்கும் ஆகும். எனக்கு இந்தப் போர் மிகவும் பிடிக்கும் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

120-ம் முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். பக்கத்துக்கு இருபது தயாரானதும் ஆடிப் பாருங்கள். ஆளில்லாவிட்டால் தனியாகவே ஆடலாம்: பிரெஞ்சுப் படை முன்னேறுமா, நிற்குமா என்பதைப் பகடை சொல்லட்டும். வீட்டில் பத்து வயதுப் பிள்ளை யாராவது இருந்தால் படை நகரும் தூரத்தை அளக்க அளவுநாடாவைக் கையில் கொடுத்துவிடுங்கள், அடுத்த ஞாயிறு அவர்களே வந்து கூப்பிடுவார்கள்.

முதல் ஆட்டத்துக்கு, வந்தவாசியில் லொரேன் என்ற பிரெஞ்சு ரெஜிமெண்ட் துப்பாக்கிமுனை ஈட்டியோடு பாய்ந்த கட்டம் ஒன்றே போதும். அயர் கூட்டின் ஆட்கள் மிக நெருக்கத்தில் வரும்வரை சுடாமல் காத்திருந்தார்கள். பிரெஞ்சு இடப்பக்கத்தில் வெடிமருந்து வண்டி ஒன்று வெடித்து அந்த அணியே குலைந்தது. அந்த வண்டிக்கென்று ஒரு பகடையைத் தனியாக எடுத்து வையுங்கள்.