லினக்ஸில் லேப்டாப்பின் சில எஃப்என் விசைகள் மட்டும் வேலை செய்யவில்லை, எங்கிருந்து தொடங்குவது?

லினக்ஸ் போட்ட பிறகு ஒலி விசைகள் சரியாக இருக்கின்றன, வெளிச்சம், மைக், டச்பேட் விசைகள் மட்டும் அசையவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். டெஸ்க்டாப்பின் ஷார்ட்கட் பக்கத்தை இப்போதைக்குத் தொடாதீர்கள். அழுத்திய விசை எதுவரை வந்து நிற்கிறது என்று முதலில் பாருங்கள். இதைப் பார்க்காமல் நான் இரண்டு நாள் அலைந்தேன்.

என் லேப்டாப்பில் மைக்கை அணைக்கும் விசைதான் சிக்கல். ஷார்ட்கட் பக்கத்தில் அதை அழுத்தினால் எதுவுமே பதிவாகாது. கீபோர்டே பழுது என்று நினைத்தேன். அப்புறம் ரூட் (நிர்வாகி) உரிமையோடு, அழுத்தும் விசைகளைக் காட்டும் எவ்டெஸ்ட் என்ற கருவியை ஓட்டினால், விசை ஒழுங்காக 248 என்ற எண்ணோடு வந்துகொண்டிருந்தது. லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலில் மைக் விசையின் எண் அதுதான். நான் அப்போது வைத்திருந்தது, திரையையும் விசைகளையும் கையாளும் எக்ஸ்11 அமைப்பு. கெர்னல் தரும் எண்ணோடு அது 8-ஐக் கூட்டிக்கொள்ளும். 255-க்கு மேல் போகாது. 248-உம் 8-உம் 256. ஒரே ஒரு எண் கூடிப்போனதால் விசை வாசலிலேயே நின்றுவிட்டது! டச்பேட் விசையின் எண் 530, அதற்கும் இதே கதிதான்.

இதற்கு மைக் விசையை எஃப்20 ஆக மாற்றிவிட வேண்டும். அதன் எண் 190, எல்லைக்குள் அடங்கிவிடும். எக்ஸ்11-இன் வழக்கமான விசை வரைபடத்தில் எஃப்20 மைக்குக்கும் எஃப்21 டச்பேடுக்கும் ஏற்கெனவே ஒதுக்கப்பட்டிருக்கின்றன. எவ்டெஸ்ட் காட்டும் ஸ்கேன்கோடை (விசையை அழுத்தும்போது கீபோர்டு அனுப்பும் குறியீடு) குறித்துக்கொண்டு, சாதனங்களை நிர்வகிக்கும் யூடெவின் ஹெச்டபிள்யூடிபி (வன்பொருள் தரவுத்தளம்) கோப்புறையில் உங்கள் மாடலுக்கென்று ஒரு சிறு கோப்பு எழுதுங்கள். அந்தத் தரவுத்தளத்தைப் புதுப்பித்து யூடெவை ட்ரிகர் செய்தால் விசை உயிர்பெறும். இதே மாற்றத்தைச் செய்ய செட்கீகோட்ஸ் கட்டளையும் உண்டு, ஆனால் ரீபூட் செய்ததும் அந்த மாற்றம் போய்விடும். எக்ஸ்11-க்குப் பதிலாக வந்த வேலண்டில் இந்த 255 எல்லையே இல்லை.

எவ்டெஸ்டிலேயே விசை வரவில்லையா? அது காட்டும் மற்ற சாதனங்களையும் ஒவ்வொன்றாகப் பாருங்கள். வெளிச்ச விசைகள் பல லேப்டாப்களில் கீபோர்டு வழியாக வராமல், ஏசிபிஐ என்ற ஃபர்ம்வேர் இடைமுகத்தின் வழியாக வீடியோ பஸ் என்ற பெயரில் வரும். திங்க்பேட், ஆசஸ் போன்றவற்றுக்குக் கெர்னலில் தனி மாட்யூல்களே (டிரைவர்கள்) உண்டு. உங்கள் மாடலுக்கு உரியது ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். கெர்னல் லாகில் அடையாளம் தெரியாத விசை என்று ஒரு வரி வந்தால் நல்லது, ஸ்கேன்கோடு அதிலேயே கிடைத்துவிடும். எஃப்என் விசையைத் தனியாக அழுத்தி எதுவும் வரவில்லை என்றால் பயப்பட வேண்டாம். பெரும்பாலும் அதை லேப்டாப்பின் கண்ட்ரோலர் சிப்பே கவனித்துக்கொள்கிறது, இயங்குதளம் வரை அது வராது.

விசை வருகிறது, திரையில் வெளிச்சப் பட்டையும் நகர்கிறது, ஆனால் வெளிச்சம் மட்டும் மாறவில்லை என்றால், விசையை விட்டுவிட்டு, திரையின் பின்னொளியை இயக்கும் பேக்லைட் டிரைவரைப் பாருங்கள். கெர்னலின் பூட் வரியில் ஏசிபிஐ பேக்லைட் மதிப்பை நேட்டிவ் என்று வைத்து ஒருமுறை பூட் செய்து பாருங்கள்.