கட்டில் கடைசியாக ஏறட்டும், தம்பி

கனகபுரத்திலிருந்து மெல்பேர்ண் வந்து பதினான்கு மாதம், கரடுமுரடான பாதையிலும் வாகனத்தின் பின்னால் இழுத்துப்போகிற பழைய ஓஃப்ரோட் காம்பிங் ரெயிலர் ஒன்று வாங்கியாயிற்று, கையில் மூவாயிரம் டொலர் இருக்கிறது, முதலில் என்ன சாமான் வாங்குவது என்று கேட்டிருந்தீர்கள். எந்தப் பிரிட்ஜ் நல்லது, சோலார் எத்தனை வாற்ஸ், பக்கப் பந்தல் எந்தக் கடையில் மலிவு என்றெல்லாம் விபரமாகக் கேட்டிருக்கிறீர்கள். பிறேக்கைப் பற்றி ஒரு சொல் இல்லை. தண்ணீரைப் பற்றியும் இல்லை. வாசித்த பிறகு எனக்கு நித்திரை வரவில்லை, தம்பி. நானும் இதே கேள்விகளோடுதான் தொடங்கினேன்.

இப்போது நான் லீவில் முரசுமோட்டையில் தங்கச்சி வீட்டில் நிற்கிறேன். பெரும்போக அறுவடை நடக்கிறது. விறாந்தையில் இருந்து பார்த்தால் நெல் மூட்டை ஏற்றிய உழவு இயந்திரங்கள் காலையிலிருந்து போய்க்கொண்டே இருக்கின்றன. நேற்று முன்வீட்டுப் பெடியன் ஒருவன் உழவு இயந்திரம் இழுக்கிற இரண்டு சில்லுப் பெட்டியின் பின்பக்கத்தில் மூட்டைகளைக் குவித்துவிட்டான். அவனுடைய அப்பு வந்து சத்தம் போட்டு, அத்தனையையும் இறக்கி அச்சுக்கு முன்னால் ஏற்றவைத்தார். அந்த அப்பு சொன்னதுதான் உங்களுக்கும் முதல் விசயம். பின்னால் பாரம் கூடினால், வாகனத்தோடு கொழுவுகிற கொழுக்கிப் பக்கம் மேலே கிளம்பும். வயல் வரம்பில் ஊர்ந்து போகும்போது அது பெரிதில்லை. நெடுஞ்சாலையில் 100 கிலோமீற்றர் வேகத்தில் போகும்போது ரெயிலர் பக்கவாட்டில் ஆடத் தொடங்கி, இழுக்கிற வாகனத்தையே புரட்டிவிடும். மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கு அளவு கொழுக்கியில் இறங்கவேண்டும் என்பது அங்கே எல்லோரும் வைத்திருக்கிற கணக்கு.

அதற்கு முதலில் மொத்த எடை தெரியவேண்டும். ரெயிலரில் ஒரு தகடு அடித்திருக்கும். அதில் ஏரிஎம் (ATM) என்று ஓர் எண், ரெயர் (Tare) என்று இன்னோர் எண். முதலாவது சாமானோடு சேர்த்து ரெயிலர் இருக்கக்கூடிய உச்ச மொத்த எடை, மற்றது வெறும் ரெயிலரின் எடை. ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் வருவதுதான் உங்களுக்கு மிச்சம். 1500, 1150 என்று இருந்தால் 350 கிலோ. தண்ணீர்த் தாங்கி 100 லீற்றர் என்றால் அதிலேயே 100 கிலோ போய்விட்டது. காஸ் சிலிண்டர், பற்றறி, பிரிட்ஜ், கூடாரம், பிள்ளைகளின் சாமான் என்று ஏற்ற ஏற்ற அந்த 350 எங்கே போனது என்று தெரியாது. சாமான் வாங்கும் முன்னர் எடைமேடைக்குக் கொண்டுபோய் ஒருமுறை நிறுத்துப் பாருங்கள். சில பத்து டொலர்தான்.

பிறேக் விசயத்தில் சட்டமே இருக்கிறது. ரெயிலரின் சில்லுகளில் இறங்கும் எடை 750 கிலோவைத் தாண்டினால் பிறேக் கட்டாயம், 2000 கிலோவைத் தாண்டினால் எல்லாச் சில்லுக்கும் பிறேக் வேண்டும், ரெயிலர் கழன்றால் தானாகப் பிடிக்கிற ஏற்பாடும் வேண்டும். மின்பிறேக் என்றால் அதை இயக்குகிற கொன்ரோலரை வாகனத்துக்குள் பூட்டவேண்டும். உங்கள் காசில் முதல் செலவு அது. கொழுக்கியும் சாதாரண 50 மில்லிமீற்றர் குண்டாக இருந்தால், பள்ளம் திட்டியில் எல்லாப் பக்கமும் திரும்பக்கூடிய ஓஃப்ரோட் கொழுக்கிக்கு மாற்றுங்கள்.

இனி என் கதை. 1999 இல் ஜூன் மாதக் குளிரில் ஒரு மெல்லிய ஜம்பரோடு வந்து இறங்கியவன் நான். இரவு வேலை, பகலில் இங்கிலீஷ் வகுப்பு. 2007 இல்தான் ரெயிலர் வாங்கும் அளவுக்குக் கை கொஞ்சம் நிமிர்ந்தது. விற்றவர் எனக்குப் பந்தலும் பிரிட்ஜும் சேர்த்துக் கட்டிவிட்டார். சில்லு அச்சில் இலகுவாகச் சுழல வைக்கிற பேரிங்குக்குக் கடைசியாக எப்போது கிறீஸ் போட்டது என்று அவர் சொல்லவில்லை, எனக்கும் கேட்கத் தெரியவில்லை. ஜனவரி வெயிலில் அம்மா, மனைவி, இரண்டு பிள்ளைகளோடு விக்ரோரியாவின் வடமேற்கு மூலையில் உள்ள மறி சன்செற் தேசியப் பூங்காவுக்குப் போனோம். அங்கே ரோசா நிற உப்பு ஏரிகள் உண்டு. அம்மாவுக்கு ஆனையிறவு உப்பளத்தைக் காட்டுகிற மாதிரி இருக்கும் என்று நினைத்தேன்.

பாதை முழுக்க அலை அலையாக வரிவிழுந்த மண். ரயர்க் காற்றைக் குறைக்கவேண்டும் என்றுகூட அப்போது எனக்குத் தெரியாது. ஓரிடத்தில் எரிந்த மணம் வந்தது. இறங்கிப் பார்த்தால் இடது சில்லின் நடுமூடியைச் சுற்றிக் கிறீஸ் உருகிப் பனம்பாணிபோல வடிந்து, ரயரில் கோடு கோடாகத் தெறித்திருந்தது. சில்லை இரண்டு கையாலும் பிடித்து அசைத்தேன். விழப்போகிற பல்லுப்போல ஆடியது. மாற்றுப் பேரிங் இல்லை, தொலைபேசிக்குச் சிக்னல் இல்லை. ஐந்து பேருக்கு இருபது லீற்றர் தண்ணீர், அதிலும் பாதியைக் காலையிலேயே பாத்திரம் கழுவ ஊற்றியிருந்தோம்.

அம்மா ஒன்றும் பேசாமல் கானை எடுத்துத் தன் மடிக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். கான் மூடியால் அளந்து, முதலில் பிள்ளைகளுக்கு, பிறகு எங்களுக்கு. 1996 இல் கிளிநொச்சியை விட்டு அக்கராயன் பக்கம் போனபோதும் இதே மாதிரித்தான் அளந்தார். அன்று பெட்டியில் என்ன ஏறவேண்டும் என்று சொன்னவரும் அவர்தான்: தண்ணீர்க் கான், தறப்பாள், அலவாங்கு, மண்வெட்டி, கத்தி, அரிசி, ஒரு பானை. அப்பா கட்டிலைத் தூக்கிக்கொண்டு வந்தபோது, “கட்டில் கடைசியாக ஏறட்டும், இடமிருந்தால்” என்றார் அம்மா. இடம் இருக்கவில்லை. மறி சன்செற்றில் பின்னேரம் ஐந்தரைக்கு ஒரு விவசாயி தற்செயலாக எங்கள் வழியால் வந்தார். வராவிட்டால் என்ன நடந்திருக்கும் என்பதை இன்றைக்கும் நினைக்க விருப்பமில்லை.

அதனால் மாற்றுப் பேரிங் செற் ஒன்று, சீல், கொட்டர் பின், கிறீஸ் கட்டாயம் வையுங்கள். வாங்கி வைத்தால் போதாது, வீட்டு வாசலில் ஒருமுறை நீங்களே கழற்றிப் பூட்டிப் பழகுங்கள். வழியில் நிற்கும் ஒவ்வொரு இடத்திலும் சில்லின் நடுப்பகுதிக்குப் பக்கத்தில் புறங்கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள், ஒன்று மற்றதைவிடச் சுட்டால் அங்கேயே பாருங்கள். ரெயிலர்ச் சில்லும் வாகனச் சில்லும் ஒன்றுக்கொன்று பொருந்தினால் மாற்றுச் சில்லு இரண்டுக்கும் உதவும். காற்று மானியும் நல்ல கொம்பிரசரும் வேண்டும். கிரவல் பாதையில் நான் ரயர்க் காற்றழுத்தத்தை 26, 28 பிஎஸ்ஐ அளவுக்கு இறக்குவேன், மணலில் 18 வரைக்கும். எடையைப் பொறுத்து மாறும், வேகத்தையும் அதற்கேற்பக் குறைக்கவேண்டும். தார்வீதிக்கு ஏறும் முன் காற்றைத் திரும்ப அடிக்காமல் ஓடாதீர்கள்.

புதைந்தால் மண்வெட்டி, மணலில் வைக்கிற பலகை இரண்டு, பட்டியை மாட்டுகிற, எடை அளவு பொறித்த ஷக்கிள் என்ற இரும்பு வளையம், இழுக்கிற பட்டி. பட்டியை ஒருநாளும் கொழுக்கிக் குண்டில் மாட்டி இழுக்கவேண்டாம். குண்டு முறிந்து பறந்து ஆட்கள் செத்திருக்கிறார்கள். தண்ணீர் ஆளுக்கு நாளொன்றுக்கு 10 லீற்றர் என்று எடுங்கள், ஒரே தாங்கியில் வைக்காமல் கான்களிலும் பிரித்து வையுங்கள். தாங்கி வெடித்தால் கான் இருக்கும். வாகனத்துக்கு வாகனம் பேசுகிற யூஎச்எஃப் ரேடியோ ஒன்று வேண்டும், லொறிக்காரர் 40 ஆம் சனலில் இருப்பார்கள், 5 அவசரத்துக்கு மட்டும். செய்மதிக்கு அபாய அறிவிப்பு அனுப்புகிற பிஎல்பி வாங்கினால் அதைப் பதிவுசெய்யுங்கள், பதிவுக்குக் காசு இல்லை. வாகனம் நின்றுவிட்டால் அதை விட்டு நடக்காதீர்கள். ஆளைவிட வாகனம்தான் மேலிருந்து தெரியும்.

பாம்பு கடித்தால் நம்மூரில் கடிவாய்க்கு மேலே கயிற்றால் இறுக்கிக் கட்டுவார்கள். அங்கே அதைச் செய்யவேண்டாம். அகலமான அழுத்தப் பண்டேஜைக் கடிபட்ட கால் அல்லது கை முழுவதும் சுற்றி, தடி வைத்துக் கட்டி, ஆளை அசையாமல் கிடத்தி, 000 க்கு அழைக்கவேண்டும். அந்தப் பண்டேஜ் மூன்று வாங்குங்கள். மூன்று கல் வைத்து விறகு மூட்டுகிற ஆசையும் எங்களுக்கு இருக்கும். முழுத் தீத்தடை அறிவித்த நாளில் மூட்டவே கூடாது.

பிரிட்ஜ், சோலார், பந்தல் எல்லாம் பிறகு. முதல் மூன்று பயணத்துக்கு ஐஸ் பெட்டி போதும்.

எங்கள் ஆட்கள் சிலர் கேட்பார்கள், தறப்பாளுக்குள் கிடந்தது போதாதோ, காசு கொடுத்துத் திரும்பவும் கூடாரமா என்று. என்னிடமும் கேட்டார்கள். தறப்பாளுக்குள் கிடந்தபோது எப்போது வீட்டுக்குப் போவோம் என்று எங்களுக்குத் தெரியாது. இப்போது ஞாயிறு பின்னேரம் வீட்டுக்குப் போய்விடுவோம் என்று தெரிந்துகொண்டு படுக்கிறோம். என் பிள்ளைகள் கூடாரம் என்ற சொல்லைக் கேட்டுச் சந்தோசப்படுகிறார்கள். அது எனக்குப் பெரிய விசயம். இன்னும் சிலர் கடனுக்குப் பெரிய ரெயிலர் வாங்கி, கோயில் திருவிழாவுக்கு வருகிறவர்களுக்குக் காட்டிவிட்டு வாசலில் மூடி வைத்திருக்கிறார்கள். நீங்கள் பழையதை வாங்கியது நல்லது. பழையதைக் கழற்றிப் பூட்டித்தான் நானும் படித்தேன். இன்றைக்கு எங்கள் வீதியில் உள்ள வெள்ளைக்காரர் பேரிங் மாற்ற என்னைக் கூப்பிடுகிறார்கள்.

அடுத்த கிழமை திரும்பிவிடுவேன். அதற்குள் ரெயிலர்த் தகட்டை ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். ஏரிஎம், ரெயர் இரண்டு எண்ணும் வடிவாகத் தெரியவேண்டும். அதைப் பார்க்கும்வரை ஒன்றும் வாங்கவேண்டாம், தம்பி.