பூனை காலி செய்துவிட்டது, தும்மல் காலி செய்யுமா?

கேள்வி: ஐயா, குரோம்பேட்டையில் 14 வருடப் பழைய அபார்ட்மெண்டில் இரண்டு பெட்ரூம் வீடு ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. விலை எங்கள் கைக்கு எட்டுகிறது, மகனின் பள்ளியும் பக்கம். விற்பவர்கள் அங்கே 9 வருடமாக மூன்று பூனை வளர்க்கிறார்கள். இப்போது பெங்களூருக்குக் குடிபெயர்கிறார்கள். சோபா, திரைச்சீலை, மெத்தை, இரண்டு ஏசி எல்லாவற்றையும் இலவசமாகவே விட்டுவிட்டுப் போகிறார்களாம். என் 10 வயது மகனுக்கு வீசிங் உண்டு. வீடு பார்க்கப் போன பத்தே நிமிடத்தில் தும்மத் தொடங்கினான், கண்ணும் சிவந்துவிட்டது. "பெயிண்ட் அடித்தால் எல்லாம் போய்விடும்" என்கிறார் கணவர். இன்னும் டோக்கன் அட்வான்ஸ் கொடுக்கவில்லை. வாங்கலாமா?
– பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி, பல்லாவரம்

பதில்: டோக்கன் கொடுப்பதற்கு முன்பே எழுதினீர்களே, அதுவே பெரிய விஷயம் அம்மா. எனக்கு வரும் கடிதங்களில் முக்கால்வாசி பத்திரம் பதிந்து ஒரு மாதம் கழித்து வருபவை.

இதில் நானே சூடு கண்ட பூனை. என் மனைவிக்கு ஆஸ்துமா. பல வருடங்களுக்கு முன் நங்கநல்லூரில் ஒரு வீட்டுக்கு வாடகைக்குப் போனோம். முன்பு குடியிருந்தவர்கள் ஒரு பிரம்பு சோபாவை மெத்தையோடு விட்டுப் போயிருந்தார்கள். வீடு முழுக்கக் கழுவினோம், வெள்ளை அடித்தோம். அந்த சோபாவை மட்டும் ஈரத்துணியால் துடைத்துவிட்டு, சும்மா கிடைத்த சந்தோஷத்தில் அதில் சாய்ந்து காபி குடித்தேன். ராத்திரி இரண்டு மணிக்கு அவள் இன்ஹேலரைத் தேடினாள். மூன்று நாள் இதே கதை. நான்காம் நாள் மெத்தை உறையின் ஜிப்பைத் திறந்தேன். சட்டைப்பை மூலையில் பஞ்சு திரளுமே, அதுபோலத் தையல் ஓரம் நெடுகச் சாம்பல் நிற ரோமம். அங்கே பூனை இருந்த விஷயமே அப்போதுதான் எங்களுக்குத் தெரியும்.

ஆனால் ரோமத்தின் மீது பழி போடுவதும் சரியல்ல. உடம்புக்கு ஒத்துக்கொள்ளாதது, பூனையின் எச்சிலிலும் தோலின் எண்ணெய்ச் சுரப்பிகளிலும் உண்டாகும் ஒரு புரதம். ஃபெல் டி 1 என்று அதற்குப் பெயர். பூனை தன்னை நக்கிக்கொள்ளும்போது ரோமத்தில் ஒட்டுகிறது, காய்ந்து பொடியாகிறது. 5 மைக்ரானுக்கும் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) குறைவான துகள்கள் மணிக்கணக்கில் காற்றில் மிதக்கும். அப்புறம் சுவர், துணி, பஞ்சு என்று கிடைத்த இடத்தில் ஒட்டிக்கொள்ளும். பூனை வளர்க்கும் பிள்ளைகளின் சட்டையில் ஏறிக்கொண்டு வகுப்பறை வரைக்கும் போகிறது. அமெரிக்காவில் 1989இல் வெளியான ஓர் ஆய்வில், பூனையை வெளியேற்றிய பிறகும் அந்தப் புரதம் பூனையில்லா வீட்டின் அளவுக்கு இறங்கப் பெரும்பாலான வீடுகளில் 20 முதல் 24 வாரம் பிடித்தது. கம்பளம், சோபாவை எல்லாம் அப்புறப்படுத்திய வீடுகளில் சீக்கிரம் இறங்கியது. நமக்கு ஒரு சௌகரியம், தரை டைல்ஸ். தண்ணீர் ஊற்றிக் கழுவலாம்.

அதனால் முதலில் அந்த இலவசம் வேண்டாம். சோபா, மெத்தை, திரைச்சீலை மூன்றும் அவர்களோடு பெங்களூருக்கே போகட்டும். "காலி வீடாக ஒப்படைக்க வேண்டும்" என்று அக்ரிமெண்டிலேயே ஒரு வரி எழுதிக்கொள்ளுங்கள். ஏசியை வைத்துக்கொள்ளலாம். ஆனால் ஃபில்டரைக் குழாயடியில் காட்டினால் போதாது. மெக்கானிக்கைக் கூப்பிட்டு, உள்ளே காயிலையும் புளோயரையும் கழற்றித் தண்ணீர் அடித்துக் கழுவச் சொல்லுங்கள். பக்கத்திலேயே நில்லுங்கள். இல்லாவிட்டால் மேலாகத் துடைத்துவிட்டுப் பில் நீட்டுவார்.

உங்கள் கணவர் சொல்வது பாதி சரி. பெயிண்ட் அடிக்கலாம், ஆனால் அதற்கு முன் சுவரைச் சோப்புத் தண்ணீரால் கழுவ வேண்டும். அழுக்குச் சுவரில் பட்டி பிடிக்காது என்பதால் எப்படியும் செய்ய வேண்டிய வேலைதான். லாஃப்ட், ஃபேன் இறக்கை, அலமாரியின் மேல்தட்டு, ஜன்னல் கொசுவலை என்று மேலிருந்து கீழே வாருங்கள். தரையைக் கடைசியில். துடைப்பத்தால் பெருக்கினால் தூசி எழும்பிப் பழைய இடத்துக்கே போகும். ஈர மாப் போடுங்கள், அல்லது நுண்தூசியையும் பிடித்து வைக்கும் ஹெப்பா ஃபில்டர் உள்ள வாக்குவம் கிளீனர். இந்த வேலை நடக்கும்போது பையன் பாட்டி வீட்டில் இருக்கட்டும்.

இவ்வளவுக்கும் முன்னால் ஒரு காரியம் இருக்கிறது. அவன் தும்மியது பூனைக்குத்தானா? நம் ஊர் ஈரக் காற்றில் மெத்தைத் தூசிப்பூச்சியும் கரப்பானும் பூனைக்குச் சளைத்தவை அல்ல. அலர்ஜி மருத்துவரிடம் தோலில் குத்திப் பார்க்கும் பரிசோதனையோ, ரத்தப் பரிசோதனையோ செய்துவிடுங்கள். தோல் பரிசோதனைக்குச் சில நாள் முன்பே சளி, தும்மல் மாத்திரைகளை நிறுத்தச் சொல்வார்கள். எதை, எப்போது என்று அவரே சொல்லட்டும், நீங்களாக நிறுத்தாதீர்கள். "இன்னொரு தடவை கூட்டிப்போய்ப் பார்க்கலாமே" என்று பையனையே பரிசோதனைக் கருவியாக்கவும் வேண்டாம்.

பூனை இல்லை என்று வந்தால் தயங்காமல் வாங்குங்கள். பூனைதான் என்று வந்து, அவனுக்கு எப்போதாவது வரும் வீசிங் என்றால், பெயிண்ட் செலவை விலையில் குறைத்துக் கேட்டு, மருத்துவரையும் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு, குடிபோவதை நாலைந்து மாதம் தள்ளிப்போடுங்கள். வாடகையும் வீட்டுக்கடன் தவணையும் சேர்ந்து கடிக்கும், தெரியும். ஆனால் ஆஸ்பத்திரியில் சேர்த்து ஆக்சிஜன் வைக்கிற அளவுக்கு ஒரு முறையாவது போயிருந்தால், நானாக இருந்தால் அந்த வீட்டை விட்டுவிடுவேன். குரோம்பேட்டையில் வீடா கிடைக்காது?

கேள்வி: வாடகைக்கு வந்த வீட்டில் முன்பு நாய் வளர்த்திருக்கிறார்கள். மழை பெய்தால் ஹாலில் மூத்திர வாடை. பினாயில் ஊற்றி அலுத்துவிட்டேன்.
– வாசகர், மதுரை

பதில்: பினாயில் வாடையை மூடும், எடுக்காது. மூத்திரத்தின் மிச்சம் டைல்ஸ் இடுக்கில் காய்ந்து உட்கார்ந்திருக்கிறது. ஈரம் பட்டால் வாடை கிளம்பும். செல்லப்பிராணிக் கடைகளில் என்சைம் கிளீனர் கிடைக்கும், ஊற்றி நன்றாக ஊற விடுங்கள். ராத்திரி விளக்கை அணைத்துவிட்டுப் புற ஊதா டார்ச் அடித்தால் எந்த மூலை என்று தெரிந்துவிடும். பிளீச் மட்டும் வேண்டாம், மூத்திரத்தின் அம்மோனியாவோடு சேர்ந்தால் நச்சு வாயு வரும். இதற்கும் அசையாவிட்டால் இடுக்கைச் சுரண்டிவிட்டுப் புது கிரவுட் அடைக்க வேண்டியதுதான். கூலியை வீட்டுக்காரரிடம் கேளுங்கள். நாய்க்கு அனுமதி கொடுத்தவர் அவர்தானே?