அறுவடைக்குப் போகிற இடத்தில் மாத்திரை தவறுகிறதா?

கேள்வி: கதிர் அறுக்கும் மெஷின் ஓட்டுகிறேன். எச்.ஐ.வி.க்காக மூன்று வருஷமாக இரவு 9 மணிக்கு டி.எல்.டி. மாத்திரை. சம்பா அறுவடைக்கு வெளியூர் போனால், கூடப் படுப்பவர்கள் டப்பாவைப் பார்த்துவிடுவார்களோ என்று போடுவதில்லை. இந்த முறை எட்டு நாள் விட்டுப்போனது. இனி மருந்தே கேட்காது என்று யூடியூபில் சொல்கிறார்கள். முடி கொட்டுகிறது, வயிற்றில் கேஸ் வேறு.
- திருத்துறைப்பூண்டி வாசகர்

பதில்: இப்போதே ஒரு மாத்திரையைப் போடுங்கள். விட்டதற்கு ஈடாக இரண்டு போடக் கூடாது. இந்த எட்டு நாளிலேயே மருந்து கேட்காமல் போயிருக்கும் என்று பயப்பட வேண்டாம். அதிலுள்ள டொலுடெகிராவிருக்கு எதிராக வைரஸ் சுலபத்தில் பழகாது. சீசனுக்குச் சீசன் விட்டால்தான் வம்பு. எச்.ஐ.வி. மருந்து கொடுக்கும் ஏ.ஆர்.டி. மையத்தில் மறைக்காமல் சொல்லி, வைரல் லோடு (ரத்தத்தில் வைரஸ் எவ்வளவு என்ற பரிசோதனை) எப்போது பார்ப்பது என்று கேளுங்கள். யூடியூப்காரர் உங்கள் ரத்தத்தைப் பார்த்தாரா என்ன?

இரவு 9 மணி என்று எந்தச் சட்டமும் இல்லை. முன்பு எச்.ஐ.வி.க்குக் கொடுத்த எஃபாவிரென்ஸ் மாத்திரையால் தலைசுற்றும் என்பதால் படுக்கும்போது போடச் சொன்னோம். அந்தப் பழக்கம் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. டி.எல்.டி.யைக் காலையில், வெறும் வயிற்றில்கூடப் போடலாம். விடியற்காலை டீக்குப் போகும்போது போட்டுவிட்டால் யார் கண்ணிலும் படாது. பெரிய டப்பா வீட்டிலேயே இருக்கட்டும். ஒரு வாரத்துக்கானதை மட்டும் இறுக்கமாக மூடும் சின்ன டப்பியில் போட்டு, சட்டைப் பையோடு வைத்துக்கொள்ளுங்கள். மெஷின் கேபினில் வேண்டாம். அந்தச் சூடு ஆகாது. நாள் கூடும் என்று தெரிந்தால், கிளம்பும் முன்பே மையத்தில் சொல்லிக் கூடுதல் மாத்திரை கேளுங்கள். உங்கள் சம்மதமில்லாமல் மையத்தில் யாரும் வெளியே சொல்லக் கூடாது; 2017 எச்.ஐ.வி. சட்டம் அப்படி.

ஒன்றை மட்டும் அசட்டை செய்யாதீர்கள். டி.எல்.டி.யிலுள்ள டெனோஃபோவிரும் லாமிவுடினும் கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி கிருமியையும் அடக்கி வைக்கின்றன. அந்தக் கிருமியும் உங்களுக்கு இருந்தால், மாத்திரையை நிறுத்திய சில வாரங்களிலோ மாதங்களிலோ கல்லீரல் கொதித்தெழலாம். கண் மஞ்சள், கட்டங்காப்பி நிறத்தில் சிறுநீர், ஓயாத வாந்தி, இதில் எது வந்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். கீழாநெல்லியை அரைத்துக் குடித்துவிட்டுப் பார்ப்போம் என்று நாளைக் கடத்தினால் உயிருக்கே ஆபத்து. உங்கள் பழைய ஹெபடைடிஸ் பி ரிசல்ட் என்ன என்று மையத்தில் இந்த வாரமே கேளுங்கள்.

கேஸுக்கு நீங்களாகவே ஜெலுசில் மாதிரி எதையாவது வாங்கிக் குடிக்கிறீர்களா? அதிலுள்ள அலுமினியமும் மெக்னீசியமும் டொலுடெகிராவிரைப் பிடித்துக்கொண்டு உடம்பில் சேரவிடாது. மாத்திரை போட்டு இரண்டு மணி நேரம் கழித்துத்தான் அதைக் குடிக்க வேண்டும். முதலில் அதைக் குடித்துவிட்டால் மாத்திரைக்கு ஆறு மணி நேரம் பொறுக்க வேண்டும். முடி கொட்டுவதையும் மையத்தில் சொல்லிக் கேளுங்கள்.